வேலியும் படையும்: கென்னத் பொல்லாக்கின் இராக் புத்தகத்தை 20 வருஷம் கழித்துப் படித்தபோது

போன மாதம் பழைய புத்தகக் கடை ஒன்றில் 150 ரூபாய்க்கு ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. கென்னத் பொல்லாக் எழுதிய 'தி திரெட்டனிங் ஸ்டார்ம்'. 2002-ல் வந்தது. இராக் மீது படையெடுக்க வேண்டும் என்பதற்கான வாதம் என்று துணைத் தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். 2003-ல் இந்தப் புத்தகத்தின் பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், படித்ததில்லை. படிக்காமலே திட்டியிருக்கிறேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. போர் கூடாது என்று அலுவலக டீக்கடையில் கத்துவேன். வீட்டுக்கு வந்தால் பெரியப்பா. அவர் குவைத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். 1990 ஆகஸ்ட் 2-ம் தேதி இராக் படை உள்ளே வந்த பிறகு, சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டு பஸ்ஸில் பாக்தாத், ஜோர்டான் என்று அலைந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தார். அப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வந்தார்கள். "நீ பேப்பர்ல படிச்சவன்டா. நான் நேர்ல பார்த்தவன். அவனை விட்டு வைக்கக் கூடாது" என்பார். அந்தச் சண்டை எங்களுக்குள் முடியவே இல்லை. பெரியப்பா இப்போது இல்லை. புத்தகத்தைக் கையில் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நல்ல புத்தகம். தவறான முடிவுக்கு வருகிற நல்ல புத்தகம். அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதத் தோன்றியது. புஷ் காலத்துப் போர்க்குரல்களில் பெரும்பாலானவை இன்று படிக்க லாயக்கில்லை. பொல்லாக் அந்த ரகம் இல்லை. சிஐஏ-வில் வளைகுடா ஆய்வாளராக இருந்தவர். சதாம் குவைத்துக்குள் நுழையப் போகிறார் என்று 1990-ல் முன்கூட்டியே எச்சரித்த சிலரில் ஒருவர். பிறகு கிளின்டன் காலத்தில் தேசியப் பாதுகாப்புக் குழுவில் வேலை. 1999-ல் இதே மனிதர் இன்னும் இருவரோடு சேர்ந்து 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழில், இராக் எதிர்க்கட்சிக்காரர்களுக்குத் துப்பாக்கி கொடுத்து சதாமைக் கவிழ்க்கலாம் என்பது வெறும் கனவு என்று எழுதினார். மூன்று வருஷம் கழித்துப் படையெடுப்பு தவிர வேறு வழியில்லை என்கிறார். ஏன் மாறினார் என்பதுதான் புத்தகத்தின் சாரம்.

'கன்டெயின்மென்ட்' என்ற சொல்லைக் கொரோனா காலத்தில் தெருமுனையில் தகரம் அடித்து வைத்தபோது நம்ம ஊரில் எல்லோரும் கற்றுக்கொண்டோம். கிட்டத்தட்ட அதேதான். உள்ளே இருப்பதைக் குணப்படுத்த முடியாது, வெளியே பரவாமல் பார்த்துக்கொள்வது. நான் இதை 'வேலி' என்றே சொல்லப் போகிறேன். சோவியத் யூனியனுக்கு எதிராக இந்த யோசனையை முதலில் கோர்வையாக எழுதியவர் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன். 1946-ல் மாஸ்கோவிலிருந்து அனுப்பிய நீண்ட தந்தி, 1947-ல் புனைபெயரில் வந்த கட்டுரை. எதிரியை அடிக்க வேண்டாம், பரவ விடாமல் பொறுமையாக நில்லுங்கள், அவனுடைய உள்முரண்பாடே அவனைத் தின்னும் என்பது அவர் கணக்கு. 2002 செப்டம்பரில் 98 வயதில் அவர் இராக் போருக்கு எதிராகவும் பேசினார்.

இராக்கைச் சுற்றி 1991-க்குப் பிறகு போட்ட வேலி கென்னனுடையதைவிட ரொம்ப இறுக்கம். ஒரு பக்கம் ஐ.நா. பொருளாதாரத் தடை. இன்னொரு பக்கம் ஆயுத ஆய்வாளர்கள். வடக்கே 36-வது அட்சக்கோட்டுக்கு மேலேயும், தெற்கே முதலில் 32, பிறகு 33-க்குக் கீழேயும் இராக் விமானங்கள் பறக்கத் தடை. அதைக் காக்க அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் தினமும் ரோந்து.

பொல்லாக்கின் வாதம் இந்த வேலி ஓட்டையாகிவிட்டது என்பதில் ஆரம்பிக்கிறது. அதில் அவர் சொல்வதெல்லாம் உண்மை. சிரியாவுக்குப் போன குழாய் வழியாகவும் துருக்கிக்குப் போன லாரிகளிலும் தடைக்கு வெளியே எண்ணெய் விற்பனை நடந்தது. ரஷ்யாவும் பிரான்சும் தடையைத் தளர்த்தத் துடித்தன. 1998 டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளியேறினார்கள், அமெரிக்கா நான்கு நாள் குண்டு போட்டது, அதற்குப் பிறகு 2002 நவம்பர் கடைசி வரை ஐ.நா. ஆயுத ஆய்வு எதுவும் உள்ளே நடக்கவில்லை. கிட்டத்தட்ட நான்கு வருஷம் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. பொல்லாக் எழுதியது அந்த இருட்டில் உட்கார்ந்துகொண்டு.

என் தொழில் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ராத்திரி முழுக்க சர்வரிலிருந்து ஒரு அலெர்ட்கூட வரவில்லை என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, எல்லாம் நன்றாக ஓடுகிறது. இரண்டு, அலெர்ட் அனுப்புகிற நிரலே செத்துக் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏற்கெனவே ஒரு தடவை இரண்டாவது வகையில் அடிபட்டவன், அடுத்த தடவை மௌனத்தைப் பார்த்தாலே பதறுவான். அமெரிக்க உளவுத்துறைக்கு அப்படி அடிபட்ட அனுபவம் இருந்தது. 1991 போருக்குப் பிறகு உள்ளே போய்ப் பார்த்தால், இராக்கின் அணு ஆயுதத் திட்டம் அவர்கள் நினைத்ததைவிட வெகுதூரம் முன்னேறியிருந்தது. பொல்லாக்குக்கோ, 1990-ல் தான் சொன்னதை மேலே இருந்தவர்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை என்ற தனிப்பட்ட பாடமும் உண்டு. 'சொன்னேனே, கேட்டீங்களா' என்று ஒரு தடவை சொல்ல நேர்ந்தவருக்கு, அடுத்த தடவை தன் சந்தேகத்தைச் சந்தேகிப்பது கஷ்டம். இது என் ஊகம்தான். ஆனால் புத்தகத்தின் தொனி எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

சரி, அந்த மௌனத்துக்கு உண்மையான அர்த்தம் என்ன? 2004 இலையுதிர் காலத்தில் வந்த சார்லஸ் டுல்ஃபர் அறிக்கை பதில் சொன்னது. அணுத் திட்டம் 1991 போரோடு நின்றுபோனது. ரசாயன ஆயுதக் கையிருப்பை 1991-லேயே இராக் தானே அழித்துவிட்டது. தடை நீங்கினால் மறுபடி ஆரம்பிக்கலாம் என்ற ஆசை மட்டும் சதாமிடம் இருந்தது. அழித்ததை ஏன் தெளிவாக நிரூபிக்கவில்லை என்றால், ஈரான் பயம். கையில் ஒன்றுமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியக்கூடாது. அதாவது ஓட்டை விழுந்த அந்த வேலி, அடைக்க வேண்டியதை அடைத்துத்தான் வைத்திருந்தது. எண்ணெய் கசிந்தது, பணம் கசிந்தது. அணுகுண்டு கசியவில்லை.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம் ஹுசைன் கமேல். சதாமின் மருமகன், ஆயுதத் திட்டங்களின் பொறுப்பாளர். 1995 ஆகஸ்டில் ஜோர்டானுக்கு ஓடிவந்தார். அதைக் கேட்டு அரண்டுபோன இராக் அரசு, ஒரு கோழிப்பண்ணையில் பெட்டி பெட்டியாக ஆவணங்களை ஐ.நா. ஆய்வாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தது. உயிரியல் ஆயுதங்களைப் பற்றி அதுவரை மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. 'பார்த்தீர்களா, ஆய்வாளர்களை நான்கு வருஷம் ஏமாற்றியிருக்கிறான்' என்பதுதான் கமேல் கதையிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம். 2002 ஆகஸ்ட் உரையில் துணை அதிபர் டிக் சேனியும் இதைத்தான் சொன்னார். ஆனால் அம்மானில் ஐ.நா. அதிகாரிகளிடம் கமேல் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: ஆயுதங்களை அழித்தாகிவிட்டது, அழிக்க உத்தரவிட்டதே நான்தான். இந்தப் பேச்சின் எழுத்து வடிவம் பொதுவெளிக்கு வந்தது 2003 பிப்ரவரி கடைசியில். போருக்கு ஏறக்குறைய மூன்று வாரம்தான் பாக்கி. கமேல் 1996 பிப்ரவரியில், மன்னிப்பு கிடைக்கும் என்று நம்பி பாக்தாத் திரும்பி, கொல்லப்பட்டிருந்தார்.

ஒரே சாட்சி, ஒரே பேச்சு. பாதியை நம்பினார்கள். மறைத்தார்கள் என்று அவர் சொன்னபோது உண்மை விளம்பி. அழித்தோம் என்று சொன்னபோது சதாமின் மருமகன்.

பொல்லாக்குக்கு எதிர்முகாமில் அன்று நின்றவர்களில் கவனமாகப் படிக்க வேண்டியவர்கள் ஜான் மியர்ஷைமரும் ஸ்டீபன் வால்ட்டும். 2003 ஜனவரியில் 'ஃபாரின் பாலிசி' இதழில், தேவையில்லாத போர் என்ற பொருள்படும் தலைப்பில் எழுதினார்கள். பொல்லாக்கின் மையக் கருத்தைத்தான் அவர்கள் குறிவைத்தார்கள். சதாம் சாக விரும்புகிறவர் இல்லை, ஆனால் கணக்கைத் தப்பாகப் போட்டுப் போட்டுத் தன் தலையில் தானே மண் வாரிப் போட்டுக்கொள்கிறவர், அணுகுண்டு கையில் இருந்தால் அப்படிப்பட்டவரைப் பயமுறுத்தி நிறுத்த முடியாது என்பது பொல்லாக் தரப்பு. இவர்கள் சொன்ன பதில்: வரலாற்றைப் பாருங்கள். 1990-ல் குவைத்துக்குள் நுழையும் முன் சதாம் அமெரிக்கத் தூதர் ஏப்ரல் கிளாஸ்பியைக் கூப்பிட்டுப் பேசினார், தெளிவான எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. 1991 போரில் கையில் ரசாயன ஆயுதம் இருந்தும் அமெரிக்கப் படை மீதோ இஸ்ரேல் மீதோ வீசவில்லை, பதிலடி எப்படி இருக்கும் என்று தெரிந்ததால். குர்துகள் மீதும் ஈரானியர் மீதும் வீசினார், அவர்களால் திருப்பி அடிக்க முடியாததால். கொடூரமான மனிதர், ஆனால் கணக்குத் தெரிந்தவர்.

இந்த வாதத்தில் இவர்கள் ஜெயித்தார்கள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கட்டுரையை இப்போது மறுபடி படித்தால் ஏதோ இடிக்கிறது. வேலி தானாக நிற்கிற மாதிரி எழுதுகிறார்கள். அது எதன் மேல் நின்றது? அதற்குப் பிறகு வருகிறேன்.

பொல்லாக் சறுக்கிய இடம் உளவுத் தகவல் மட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2004 தொடக்கத்தில் 'அட்லாண்டிக்' இதழில் அவரே எழுதிய நீண்ட கட்டுரையும், ஆயுதங்களைப் பற்றிய மதிப்பீடு எப்படித் தப்பியது என்பதைத்தான் பெரிதும் அலசுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய தப்பு கண்ணில் பட்டது, அதைக் கண்டுபிடிக்க எந்த உளவுத்துறையும் தேவையில்லை. புத்தகத்தை மட்டும் படித்தாலே போதும். வேலியை அவர் எடைபோடும்போது நிஜமான வேலியை எடைபோடுகிறார்: கடத்தல், நட்பு நாடுகளின் சலிப்பு, ஐ.நா. அரசியல் எல்லாம் சேர்த்து. படையெடுப்பை எடைபோடும்போது வரைபடத்தில் இருக்கிற படையெடுப்பை எடைபோடுகிறார். முதலில் அல் கொய்தா பிரச்சினையை முடிக்க வேண்டும், இஸ்ரேல்-பாலஸ்தீனத்தைக் கொஞ்சம் அமைதிப்படுத்த வேண்டும், கூட்டணி சேர்க்க வேண்டும், பிறகு இராக்கை நின்று நிதானமாகக் கட்டியெழுப்ப வேண்டும் என்று நிபந்தனைகள் அடுக்குகிறார். எல்லாம் நியாயமான நிபந்தனைகள். ஆனால் வேலியைக் காப்பாற்ற அமெரிக்காவுக்குப் பொறுமை இல்லை என்று பல பக்கம் எழுதியவர், அதே அமெரிக்காவுக்கு ஒரு நாட்டைப் பத்து வருஷம் கட்டியெழுப்பப் பொறுமை இருக்கும் என்று எப்படி நம்பினார்?

செலவுக் கணக்கு இன்னும் மோசம். மறுகட்டமைப்புக்கு அமெரிக்கா நூற்றுக்கணக்கான பில்லியன் டாலர் கொட்ட வேண்டிவரும் என்பது நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது, பத்துக்கணக்கான பில்லியன்கூட அநேகமாகத் தேவைப்படாது என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். மறுகட்டமைப்புக்கு மட்டும் அமெரிக்கா கடைசியில் செலவழித்தது சுமார் 60 பில்லியன். போர்ச் செலவு தனி, அது அதைப்போலப் பல மடங்கு. எங்கள் தொழிலில் பழைய சிஸ்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று மேனேஜரிடம் போய் நிற்கிறவன் செய்கிற அதே தப்பு. பழசின் ஒவ்வொரு பிழையும் கண்ணில் உறுத்தும். புதுசில் பிழையே இருக்காது, ஏனென்றால் அது இன்னும் எழுதப்படவில்லை.

நிஜமான படையெடுப்பு எப்படி இருந்தது என்று நீட்ட விரும்பவில்லை. 2003 மே மாதம், பாக்தாத் விழுந்து சுமார் ஆறு வாரத்தில், பால் பிரெமர் போட்ட முதல் இரண்டு உத்தரவுகளில் பாத் கட்சிக்காரர்கள் அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், ராணுவம் கலைக்கப்பட்டது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கான பேர் சம்பளமில்லாமல் தெருவில். சாவுகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும் இராக் பாடி கவுன்ட் கணக்கில் மட்டும் பொதுமக்கள் சாவு 1,80,000-ஐத் தாண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை என்று பெரியப்பாவிடம் நான் 2006-ல் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இப்போது என் பக்கத்துக் கணக்கு. அந்த டீக்கடைச் சண்டைகளில் நான் அடிக்கடி எடுத்து வீசிய ஆயுதம் ஒரு எண்: தடையால் 5 லட்சம் இராக் குழந்தைகள் செத்தார்கள். 1999-ல் வந்த யூனிசெஃப் ஆய்வை ஆதாரமாகக் காட்டுவோம். ஐ.நா.வின் மனிதாபிமான உதவிப் பொறுப்பில் இருந்த டெனிஸ் ஹாலிடேயும், அவருக்குப் பின் ஹான்ஸ் வான் ஸ்போனக்கும் தடையைக் கண்டித்துப் பதவி விலகியது அந்த எண்ணுக்கு இன்னும் பலம் கொடுத்தது. 2003-க்குப் பிறகு நடந்த ஆய்வுகள் எதிலும் குழந்தைகள் சாவில் அப்படி ஒரு ஏற்றமே தெரியவில்லை. சதாம் அரசு தரவுகளில் கைவைத்திருந்தது என்று 2017-ல் 'பிஎம்ஜே குளோபல் ஹெல்த்' இதழில் டிம் டைசனும் வலேரியா செட்டோரெல்லியும் எழுதினார்கள். நான் அதைப் படித்தது 2019-ல். தடையால் மக்கள் பட்ட கஷ்டம் பொய் இல்லை: சம்பளம் செல்லாக்காசானது, மருந்து கிடைக்கவில்லை, படித்தவர்கள் வீட்டுச் சாமானை விற்றார்கள். ஆனால் நான் வீசிய எண் சர்வாதிகாரி தயாரித்தது. கமேல் பேச்சில் பாதியை நம்பினார்கள் என்று மேலே சேனியைக் குத்திக்காட்டினேன் இல்லையா, நான் செய்ததும் அதே வகைதான்.

இதில் இன்னொரு முரண்பாடும் இருந்தது. தடை குழந்தைகளைக் கொல்கிறது, எடு என்போம். போர் எதற்கு, தடையே போதுமே என்றும் அதே வாயால் சொல்வோம். போர் வேண்டும் என்றவர்கள் இதை அன்றே பிடித்தார்கள். எங்களிடம் பதில் இல்லை.

வேலிக்கு உள்ளே இருந்தவர்கள் விஷயம் இதைவிடக் கனமானது. 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் விஷவாயுவால் சுமார் 5,000 பேர் செத்தது எல்லோருக்கும் தெரியும். 1991-ல் தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் கிளர்ந்தபோது, கிளம்புங்கள் என்று தூண்டிய அமெரிக்கா கையைக் கட்டி நின்றது. பிறகு பறக்கத் தடை வந்தது. வடக்கே அது குர்துகளுக்கு ஒரு தனி வாழ்க்கையையே கொடுத்தது. தெற்கே? விமானம் பறக்கக்கூடாது, சரி. டாங்க் ஓடலாம், கால்வாய் வெட்டலாம். டைக்ரிஸ், யூப்ரடீஸ் கழிமுகத்துச் சதுப்பு நிலங்களில் ஒளிந்த கிளர்ச்சிக்காரர்களை ஒழிக்க சதாம் அரசு அணைகட்டி நீரையே திருப்பிவிட்டது. அமெரிக்க விமானங்கள் மேலே ரோந்து சுற்றிக்கொண்டிருக்கும்போதே கீழே ஆயிரக்கணக்கான வருஷப் பழமையான நீர்நிலை காய்ந்தது. 2001-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொன்னபோது சுமார் 90 சதவீதம் போய்விட்டிருந்தது. 2003-ல் சதாம் ஓடியதும் ஊர்க்காரர்கள் முதல் வேலையாகக் கரைகளை உடைத்துத் தண்ணீரை விட்டார்கள். வேலி நன்றாக வேலை செய்தது என்று மேலே எழுதினேனே, அது வெளியே நிற்பவனின் மதிப்பெண்.

வேலி எதன் மேல் நின்றது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. 2002 நவம்பர் 8-ல் 1441-வது தீர்மானம், மாதக் கடைசியில் ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் மீண்டும் உள்ளே. அடுத்த மூன்றரை மாதம் அந்த வேலி அதன் வாழ்நாளிலேயே பலமாக இருந்தது. அனுமதித்த 150 கிலோமீட்டரைத் தாண்டிப் போகிற அல் சமூத்-2 ஏவுகணைகளை இராக் தன் கையாலேயே புல்டோசர் ஏற்றி நசுக்கியது. நைஜரிலிருந்து யுரேனியம் வாங்கியதாகச் சொன்ன ஆவணங்கள் போலி என்று மார்ச் 7-ம் தேதி எல்பரடேய் பாதுகாப்பு சபையில் சொன்னார். இருட்டு விலகிக்கொண்டிருந்தது. ஏன் விலகியது? குவைத் எல்லையில் குவிந்துகொண்டிருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் படையால்தான். பிளிக்ஸே இதை மறுத்தவர் இல்லை.

மியர்ஷைமரும் வால்ட்டும் தொடாத இடம் இது. படை மிரட்டல் இல்லாமல் ஆய்வாளர்கள் கதவு திறந்திருக்காது. ஆனால் அவ்வளவு பெரிய படையை வருஷக்கணக்கில் பாலைவனத்தில் நிறுத்தி வைக்கவும் முடியாது. வெயில் வந்துவிடும், வீரர்களைச் சுழற்சியில் மாற்ற வேண்டும், ஊரில் வாக்காளன் கேட்பான். மிரட்டுவதற்காக அனுப்பிய படையே, அனுப்பிய காரணத்தாலேயே இறங்கியாக வேண்டும் என்ற நிலைமை. பொல்லாக் ஆய்வை ஒரு பொறி என்று பயந்தார், சதாம் கொஞ்சம் ஒத்துழைத்து இழுத்தடிப்பார் என்று. உண்மையில் பொறியாக மாறியது படைக்குவிப்பு. இதில் பாதி அளவு படையை நிரந்தரமாக வைத்து, ஆய்வை ஐந்து வருஷம் ஓட்டும் ஒரு திட்டத்தை அன்று யாராவது உட்கார்ந்து போட்டிருந்தால்? செலவு ஆகியிருக்கும், சலிப்பாக இருந்திருக்கும், தேர்தலில் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. மார்ச் 18-ல் ஆய்வாளர்கள் பாக்தாத்தை விட்டுக் கிளம்பினார்கள். 20-ல் குண்டு விழுந்தது.

இதைப் படித்துவிட்டு, அப்போ எல்லா இடத்திலும் வேலியே போதுமா என்று கேட்பீர்கள். வட கொரியா அதே 2003 ஜனவரியில் அணுப்பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது, 2006-ல் குண்டு வெடித்துச் சோதித்தது. அங்கே வேலியும் இருந்தது, அணுகுண்டும் வந்தது. ஆனால் அங்கே உள்ளே இறங்க முடியாத காரணம் வேறு: சியோல் நகரமே வடக்கின் பீரங்கி எட்டும் தூரத்தில் இருக்கிறது. இராக்கில் இறங்கினார்கள், ஏனென்றால் இறங்க முடிந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

பெரியப்பாவிடம் இந்தக் கட்டுரையைக் காட்டியிருந்தால், சதுப்பு நிலப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்திருப்பார். அடுத்து கனான் மக்கியாவின் 'ரிபப்ளிக் ஆஃப் ஃபியர்' எடுத்து வைத்திருக்கிறேன். 1989-ல் புனைபெயரில் வெளியான புத்தகம், சதாமின் ஆட்சி உள்ளே எப்படி ஓடியது என்பதைப் பற்றி. மக்கியா 2003-ல் படையெடுப்பை ஆதரித்த இராக்கியர். பொல்லாக்கைவிட அவரோடு வாதம் பண்ணுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கப் போகிறது.